ஒரு வெள்ளைக் கூடுகூட இல்லை

அத்தியாயம் 9

“அந்தக் கூடெல்லாம் எங்க போகும், இத்ரீஸ்?”

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒரு வாய் கோப்பிகூட உள்ளே போகாத மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் ஷர்மினி அக்கா அப்படித்தான். பதினைந்து வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கேஸ்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். எரிந்த கடைக்குள் போனால் எரியாமல் மிஞ்சியது என்ன என்று பார்க்கிற புத்தி. இப்போது டத்தோ கிராமாட்டில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். அங்கே காடி ஓட்டுவது, போன் எடுப்பது, வாய் பேசுவது மூன்றும் என் இலாகா.

“எந்தக் கூடுக்கா? குருவியோடதா?”

“ஈ வெளிய வந்த பிறகு மிஞ்சுற கூடு.”

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோப்பி ஆசையே போய்விட்டது.

கேஸ் இதுதான். கெலுகோரில் மெர்பாவ் பூச்சி ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. கொய்யாவை நாசம் பண்ணுகிற பழ ஈயை அங்கே லட்சக்கணக்கில் வளர்க்கிறார்கள். ஆண் ஈக்களை மட்டும் கதிர் அடித்து மலடாக்கித் தோட்டங்களில் விடுவார்கள். தோட்டத்துப் பெண் ஈ அந்த மலட்டு மாப்பிள்ளையோடு சேர்ந்து, பொரிக்காத முட்டையாகப் போட்டுத் தள்ளும். விஷ மருந்து இல்லாமலே வம்சம் குறைந்துபோகும். முதல் நாள் இதைக் கேட்டபோது, இதைவிட மோசமான கல்யாணத் தரகு உலகத்தில் கிடையாது என்று சொல்லி அக்காவிடம் முறைப்பு வாங்கினேன்.

லட்சம் ஈயில் ஆணை மட்டும் எப்படிப் பொறுக்குவது? அதற்குத்தான் நிறம். ஈ கூட்டுப்புழுவாகக் கிடக்கும்போது அரிசி மணி அளவுதான் இருக்கும். ஆண் என்றால் கூடு பழுப்பு, பெண் என்றால் வெள்ளை. அப்படி ஒரு வம்சத்தை நம் ஊர் ஈயிலிருந்தே பத்து வருடம் பாடுபட்டு உருவாக்கியிருக்கிறார்கள். மெஷின் நிறம் பார்த்துப் பிரிக்கும். பழுப்பு தோட்டத்துக்கு, வெள்ளை ஃப்ரீசருக்கு.

இப்போது பாலிக் புலாவ் தோட்டங்களில் பெண் ஈ பொறியில் விழுகிறது. ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். தலையில் ரோஸ் பொடி வேறு. மையத்து ஈ என்று அடையாளம் தெரிய அவர்களே கூட்டுப்புழுமேல் தூவுகிற பொடி அது. மெஷினோ பழுப்பை மட்டும்தான் அனுப்பினேன் என்கிறது. ஆகவே, பிரித்த பிறகு யாரோ வேண்டுமென்றே வெள்ளைக் கூடுகளைப் பையில் கலந்துவிட்டார்கள் என்று மையம் முடிவு கட்டிவிட்டது. பை கட்டும் அறைச் சாவி ஒரே ஆளிடம்தான். தனலெட்சுமி, ஐம்பத்து மூன்று வயது, வீடு பாகான் டாலாம், இருபத்திரண்டு வருட சர்வீஸ். பூச்சி மருந்துக்காரன் யாரோ அவரை வளைத்துவிட்டான் என்று ஊகம். அந்த அறையில் இருந்ததையெல்லாம் முதல் நாளே அள்ளி ஃப்ரீசரில் கொட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அங்கே பதில் இல்லாவிட்டால் வேலை போகும், பிறகு போலீஸ் ரிப்போர்ட்.

எங்களைத் தேடி வந்தது தனலெட்சுமிதான். “நான் கலக்கல தங்கச்சி. அத மட்டும் நிரூபிச்சுக் குடுங்க” என்றார். எட்டு நாள் அலைந்தோம். கையில் கிடைத்தது கொசுக்கடி மட்டும்.

“வெள்ளக் கூட்டுலேருந்து வந்த ஈ வெள்ளக் கூட்டத்தான் விட்டுட்டுப் போகும்” என்றார் அக்கா. “கூட்டுப்புழுவோட பைய மரத்துல மாட்டுறாங்க, ஈ பறந்துடுது, கூடு பையிலயே கெடக்கு. தனலெட்சுமி அக்கா கலந்திருந்தா பையில பாதி வெள்ளையா இருக்கணும். மையத்துல ஆதாரம் இல்ல. மரத்துல இருக்கு.”

காடிச் சாவியை எடுத்துவிட்டேன்.

* * *

பாலிக் புலாவில் பக்கிரிசாமியின் தோட்டம் மலைச் சரிவில் இருந்தது. மனிதர் எங்களை உள்ளே விட்டதே பெரிய விஷயம். கொய்யா போய், குணமும் போய், ரப்பர் பூட்ஸ் மட்டும் மிஞ்சிய நிலையில் நின்றுகொண்டிருந்தார்.

“பையா? எல்லாம் எரிச்சாச்சு. வாரா வாரம் எரிக்கணும்னு அவங்கதானே ரூல் போட்டாங்க.”

“ஒண்ணுகூட மிஞ்சலயாண்ணே?” என்றேன்.

“மிஞ்சினது இதுதான் தம்பி.” ஒரு கொய்யாவைப் பறித்துக் கத்தியால் பிளந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். உள்ளே பழுப்பாகக் குழைந்திருந்தது. தோலில் ஊசி குத்தியது போல ஏழெட்டுப் புள்ளிகள். “மூணு வருஷமா மருந்தே அடிக்கல. அந்த ஈய நம்பி விட்டேன்லா. அதுங்களே வந்து குத்திட்டுப் போயிருக்கு.”

அக்கா அந்தப் பழத்தை வாங்கி விரலால் கிளறினார். ஆபீசுக்கு வருகிறவர்கள் யாரும் அப்போது அவர் கையைப் பார்க்கவில்லை என்பது நல்லதுதான்.

“அண்ணே, புழு எங்க?”

பக்கிரிசாமி எட்டிப் பார்த்தார். அடுத்த பழத்தைப் பிளந்தார். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் குத்து இருந்தது, அழுகல் இருந்தது, புழு இல்லை.

“கதிர் அடிச்ச பொண்ணு” என்றார் அக்கா. “அதுக்குக் குத்தத் தெரியும். உள்ள வைக்கத்தான் ஒண்ணும் இல்ல. குத்தின ஓட்ட வழியா பழம் அழுகிடுது.”

“அப்ப மையத்துப் பொண்ணுங்கதான்னு உறுதி” என்றேன். “நம்ம கட்சிக்காரருக்கு இதுவரைக்கும் நாம செஞ்ச ஒரே உதவி, எதிர்க்கட்சி சொன்னத நிரூபிச்சது.”

அக்கா பழத்தைக் கீழே போட்டார். மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஒவ்வொரு பிஞ்சுக்கும் காகிதம் சுற்றிக் கட்டுவார்கள். தமிழ்ப் பேப்பர், சீனப் பேப்பர், மலாய்ப் பேப்பர் என்று மரம் முழுக்கத் தொங்கியது.

“மூணு மொழியிலயும் பேப்பர் படிக்கிற கொய்யா இங்கதான் இருக்கு” என்றேன்.

“பேப்பர் தீந்துபோனா என்ன சுத்துவீங்கண்ணே?”

பக்கிரிசாமி பூட்ஸைப் பார்த்தார். கீழ்வானத்தைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் அக்காவைப் பார்த்தார்.

“அந்தப் பை நல்ல தடிப்பு. மழைக்குத் தாங்கும். எரிக்க மனசு வரல. கீழ் வரிசையில கொஞ்சம் கட்டினேன். மையத்துல சொல்லிடாதீங்க.”

இந்த மாதிரி மனிதர்கள் இல்லாவிட்டால் துப்பறியும் தொழிலே கிடையாது. ரூல் போடுகிறவன் எரி என்பான், தோட்டக்காரனுக்கு மனசு வராது.

கீழ் வரிசையில் மூன்று பைகள் கிடைத்தன. இரண்டு மழையில் ஊறிக் கையோடு பிய்ந்து வந்தன. மூன்றாவது ஒரு பெரிய கிளைக்கு அடியில் நனையாமல் இருந்தது. வெளியே மார்க்கரில் ‘தொகுதி 61’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே தனலெட்சுமியின் கையெழுத்து. பழத்தைப் பைக்குள் விட்டு வாயைக் காம்போடு சேர்த்துக் கட்டியிருந்ததால் அடிப்பாகம் அப்படியே இருந்தது. அக்கா அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் இறக்கினார்.

அடியில் ஒரு பிடிக் கூடுகள். எல்லாம் ரோஸ்.

“போச்சு” என்றேன். “பொடியில வெள்ள எது, பழுப்பு எது?”

“உன் கையில என்ன?”

தே ஆயிஸ், ஐஸ் போட்ட டீ. வழியில் வாங்கியது, பாதிகூடக் குடிக்கவில்லை. அதைக் கீழே ஊற்ற வைத்து, பிளாஸ்டிக் கப்பில் பக்கிரிசாமியின் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கூடுகளைக் கொட்டி அலசினார். தண்ணீர் ரோஸாக மாறியது. மூன்று தடவை மாற்றினோம். பிறகு ஒரு வாழை இலையில் பரப்பி ஆளுக்கு ஒரு பக்கமாக எண்ணினோம்.

நூற்று நாற்பத்து மூன்று. அத்தனையும் பழுப்பு. ஒரு வெள்ளைக் கூடுகூட இல்லை.

ஒன்றில் மட்டும் ஈ பாதி வெளியே வந்து அப்படியே செத்துப் போயிருந்தது. அக்கா தலையிலிருந்து ஊக்கை எடுத்துக் கூட்டை மெல்ல உரித்தார். வால் நுனியில் கூர்மையாக ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. பழத்தைக் குத்துகிற ஊசி. பெண்ணுக்கு மட்டும்தான் உண்டு.

“பழுப்புக் கூட்டுக்குள்ள பொண்ணு” என்றார் அக்கா.

“யாரும் எதையும் கலக்கல” என்றேன் நான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “மெஷின் பழுப்பத்தான் அனுப்பியிருக்கு. தனலெட்சுமி அக்கா பழுப்பத்தான் கட்டியிருக்காங்க. கேஸ் முடிஞ்சதுக்கா. நாசி கண்டார் சாப்பாடு நான் வாங்கித் தரேன்.”

எட்டு நாளில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“ஏன்கா முகம் அப்டி இருக்கு?”

“பழுப்புல பொண்ணு வரக்கூடாது இத்ரீஸ். அதுதானே அந்த வம்சத்துக்கே அர்த்தம்.”

“அது டாக்டரோட தலவலி.”

“பாப்போம்” என்றார்.

* * *

டாக்டர் சந்திரசேகரன் சனிக்கிழமையும் மையத்தில் இருந்தார். அந்த ஈ வம்சத்தை உருவாக்கியவர் அவர்தான். இளைத்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. வாழை இலைப் பொட்டலத்தை மேசையில் பிரித்து, உரித்த ஈயையும் அதன் கூட்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், அன்று காலை ஈ வெளிவர ஆரம்பித்திருந்த பழுப்புத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நூறு ஈயைப் பொறுக்கி எண்ணினார்.

“முப்பத்தெட்டு பொண்ணு” என்றார்.

“இத முன்னயே பாத்திருக்கலாமே டாக்டர்?” என்றேன்.

“பாக்கத் தோணவே இல்ல. மெஷின் சரியா பிரிக்குது. அப்ப மனுஷங்கதான் தப்பு பண்ணியிருக்கணும்னு நெனச்சேன்.” இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. அவர்மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் வந்தேன், முடியவில்லை.

ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டு விளக்கினார். ஆண் ஈயிடம் மட்டும் இருக்கிற குரோமோசோமில் பழுப்பு நிறத்தைக் கொண்டுபோய் ஒட்டவைத்திருக்கிறார்கள். அதனால் மகன்கள் எல்லாம் பழுப்பு. மகள்களுக்கு அது போகாது, வெள்ளைதான்.

“ஒட்டினது எப்பவும் ஒட்டினபடியே இருக்காது” என்றார். “பல ஆயிரத்துல ஒரு ஈயில கழண்டு வேற குரோமோசோமுக்குத் தாவிடும். அப்ப மகளுக்கும் போகும். பழுப்புல பொண்ணு பொறக்கும். வெள்ளையவிட பழுப்பு ஈ வலுவானது. வேகமா பெருகும்.”

“அத எப்டித் தடுப்பீங்க?”

“தாய்க்கூண்டு.” கதவுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறையைக் காட்டினார். “கொஞ்ச ஈதான் இருக்கும், ஆனா சுத்தமான வம்சம். அதுலேருந்து முட்டை பெரிய ஹாலுக்குப் போகும். ஹால்ல நாலஞ்சு தலமுற பெருக்குவோம், அப்றம் தோட்டம். ஹால்ல கெட்டுப்போனாலும் கவல இல்ல, தாய்க்கூண்டுலேருந்து மறுபடி புதுசா வரும். ஒரே ஒரு சட்டம்தான். தாய்க்கூண்டுலேருந்து ஹாலுக்குப் போகலாம். ஹால்லேருந்து தாய்க்கூண்டுக்கு ஒரு ஈகூடத் திரும்ப வரக்கூடாது.”

அக்கா மெதுவாகக் கேட்டார். “தாய்க்கூண்டு இப்ப எப்டி இருக்கு?”

அதிலும் எண்ணினார். நூற்றுக்கு முப்பத்தைந்து.

அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“முன்ன தனலெட்சுமி ஒவ்வொரு தலமுறையும் தாய்க்கூண்ட கண்ணால பாத்து எடுக்கும். பழுப்புல பொண்ணு வந்தா பொறுக்கிப் போட்டுடும். மெஷின் வந்த பிறகு அது தேவையில்லன்னு நிறுத்தச் சொன்னது நான். அத நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா அது மட்டும் இவ்ளோ வேகமா கெடுக்காது. எம்பது தலமுற ஆகணும். நிறுத்தி எட்டு தலமுறதான் ஆகுது.” பூதக்கண்ணாடியை மடக்கினார். “யாரோ ஹால் ஈய தாய்க்கூண்டுல கொண்டுவந்து விட்டிருக்காங்க.”

“அந்த அறைச் சாவி?” என்றார் அக்கா.

டாக்டர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அதுவும் தனலெட்சுமியிடம்தான் என்று எனக்கும் தெரிந்திருந்தது. இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“இனி என்ன செய்வீங்க?”

“இங்க இருக்கிறது அத்தனையும் அழிக்கணும். இன்னும் ஒரே ஒரு வழி இருக்கு. பாதுகாப்புக்காக இந்த வம்சத்துல ஒரு பங்கு பேராக் பக்கம் ஒரு லேப்ல வச்சிருக்கோம். நோர்மான்னு ஒரு டெக்னீசியன் பாத்துக்குது. சனிக்கெழமையில அது என் போன எடுக்கிறதில்ல. அது சுத்தமா இருந்தா ஒரு வருஷத்துல எழுந்துடலாம். பதினெட்டு பேர் வேலையும் போகாது, தோட்டக்காரங்களும் தாங்கிடுவாங்க.” எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “தனலெட்சுமிகிட்ட நீங்களே கேளுங்க. நான் கேட்டா பயந்துடும். வேணும்னே கெடுத்ததா போட்ட சாபோத்தாஜ் கேஸ நான் வாபஸ் வாங்க வைக்கிறேன். அதையும் சொல்லுங்க.”

* * *

தனலெட்சுமியின் வீடு கடலுக்கு அந்தப் பக்கம். ஃபெர்ரியில் போகலாம் என்றார் அக்கா. பாலத்தில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம், அவருக்கு யோசிக்க நேரம் வேண்டும். கடல் காற்றில் நின்று நான் மூன்று ஜோக் முயற்சி செய்தேன். மூன்றையும் நானே பாதியில் விட்டுவிட்டேன்.

பாகான் டாலாமில் தனலெட்சுமியின் வீடு அடுக்குமாடியின் இரண்டாம் தளத்தில். கதவைத் திறந்தபோதே எங்கள் முகத்தைப் படிக்கப் பார்த்தார். தலையை இழுத்துக் கொண்டை போட்டு, நெற்றியில் திருநீறு. சோபா முதுகில் மையத்தின் நீலச் சீருடை தேய்த்து மடித்துக் கிடந்தது.

“திங்கக்கெழமைக்கு” என்றார், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. “போட்டுட்டுப் போகலாமா கூடாதான்னு தெரியல. தேச்சு வச்சிட்டேன்.”

“நீங்க கலக்கலன்னு நிரூபிச்சாச்சுக்கா” என்றார் அக்கா. “பை கெடச்சுது. எல்லாம் பழுப்பு. டாக்டரே ஒத்துக்கிட்டாரு. போலீசுக்குப் போகாது.”

தனலெட்சுமி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் இரண்டு கிளாஸ் மோர் கொண்டுவந்தார். “அப்பாடா” என்றார். “இருவத்திரண்டு வருஷம் தம்பி. ஒரு நா யாரும் என்ன ஒரு வார்த்த சொன்னதில்ல. கூட வேல பாக்கிற பொண்ணுங்கல்லாம் என்ன பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போச்சுங்க.”

அவர் சந்தோஷத்தைப் பார்க்காமல் நான் மோரைக் குடித்தேன். அக்கா மோரைக் குடிக்காமல் கிளாஸைக் கீழே வைத்தார்.

“தாய்க்கூண்டு ரூம்ல போன வருஷம் ஏதாவது நடந்துச்சாக்கா?”

“அதுவா?” சாதாரணமாகத்தான் சொன்னார். “போன தீபாவளிக்கு நாலு நாள் லீவு விட்டாங்க. கரண்ட் ட்ரிப் ஆகி அந்த ரூம்ல ஏர்கான் நின்னுபோச்சு. நான் வந்து தொறக்கிறேன், எல்லாம் செத்துக் கெடக்கு. டாக்டர் அப்ப வெளிநாட்டுக் கூட்டத்துல இருந்தாரு. அவரு பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிறது. அங்க போயி என்னத்த சொல்றது? பேந்தப் பேந்த முழிச்சிட்டு நின்னேன். அப்றம்தான் தோணுச்சு. பெரிய ஹால்ல இருக்கிறதெல்லாம் இதுலேருந்து போனதுதானே?”

“எடுத்து விட்டீங்க.”

“நல்ல வலுவானதாப் பாத்துதான் விட்டேன். நம்ம வீட்டுல தயிர் உறை கெட்டுப்போனா என்ன பண்றோம்? நாம உறை குடுத்த வீட்டுல போயி ஒரு கரண்டி திருப்பி வாங்கிக்கிறோம். அதே தயிர்தானே. ரெண்டு மாசத்துல கூண்டு நெறஞ்சுபோச்சு. டாக்டர் வந்து பாத்துட்டு, முன்னவிட நல்லா இருக்கே தனம்னாரு.”

அதில் பெருமை இருந்தது. எட்டு மாதமாக யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

அக்கா சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. டாக்டர் சொன்னதை எளிய வார்த்தையில் சொன்னார். ஹாலில் இருந்த ஈக்கள் தாய்க்கூண்டு ஈ மாதிரி தெரிந்தாலும் அவற்றில் சிலவற்றில் பழுப்பு இடம் மாறியிருந்தது. வலுவானதாகப் பொறுக்கியபோது அவர் பொறுக்கியது அவற்றைத்தான். அன்றிலிருந்து தாய்க்கூண்டே கெட்டதைத்தான் ஹாலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

தனலெட்சுமி அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் சீருடையின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டார்.

“அப்ப பக்கிரிசாமி அண்ணன் தோட்டம்?”

“ஆமாக்கா.”

“எல்லா தோட்டமும்?”

“கண்ணால பாக்கிறத நிறுத்தச் சொன்னது டாக்டர்தான்” என்றேன் நான். “அது இருந்திருந்தா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. அவரே ஒத்துக்கிறாரு.”

“கொண்டுவந்து விட்டது என் கைதானே தம்பி.”

எதற்கும் பதில் வைத்திருப்பவன் என்றுதான் அக்கா என்னை வேலைக்கு வைத்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்குக்கா” என்றார் ஷர்மினி அக்கா அவசரமாக. அப்படி அவசரப்பட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. “நோர்மாகிட்ட பாதுகாப்புக்கு வச்சிருக்கிறது சுத்தமா இருந்தா, அதுலேருந்து திரும்ப ஆரம்பிச்சிடலாம்னு டாக்டர் சொன்னாரு. யாருக்கும் வேல போகாது. ஒரு வருஷம்தான்.”

தனலெட்சுமி அக்கா தலை நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். மறக்க ஆசைதான்.

“ஜனவரியில நோர்மா போன் பண்ணிச்சு” என்றார். “அதோட கூண்டுல எறும்பு ஏறி எல்லாம் போச்சு. ஒரே அழுக. அவங்க பாஸ் ரொம்ப மோசம். நாங்க டெக்னீசியனுங்க இதெல்லாம் எங்களுக்குள்ளயே பாத்துக்குவோம். டாக்டருங்ககிட்ட கொண்டுபோறதில்ல. ஒரு நாளு நான் லீவு போட்டு பஸ் ஏறிப் போயி, டப்பாவுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன்.”

“எதுலேருந்து குடுத்தீங்க?” என்று அக்கா கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம்.

“தாய்க்கூண்டுலேருந்துதான்.”

கீழே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. இந்தத் தொழிலில் திருடனைப் பிடித்திருக்கிறேன், பொய்யனைப் பிடித்திருக்கிறேன், பிடித்த அன்று நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன். டாக்டரையும் நோர்மாவையும் காப்பாற்றப் போய் எல்லோருக்கும் சேர்த்துக் குழி வெட்டிய ஒருத்தியைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

“இது வேற எங்கயும் இல்லையா தங்கச்சி? உலகத்துல?”

“நம்ம ஊர் ஈயில செஞ்சது இது மட்டும்தான்னு டாக்டர் சொன்னாரு.”

“பத்து வருஷம்” என்றார் தனலெட்சுமி அக்கா. “மொத கூண்டுலேருந்து நான்தான் தீனி வச்சேன்.”

அழுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து டிவி பக்கத்திலிருந்து போனை எடுத்தார். “டாக்டர் கூப்பிட்டா சனிக்கெழம எடுக்க மாட்டா. நான் கூப்பிட்டா எடுப்பா. இப்ப தீனி வைக்கத்தான் போயிருப்பா.”

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். தனலெட்சுமி அக்கா மலாயில் பேசினார். முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, இன்னிக்குத் தீனி வைக்காதே என்றார். கூண்டு எல்லாவற்றையும், தட்டு எல்லாவற்றையும் ஃப்ரீசருக்குள் வைத்துவிடு என்றார். மலாயில் அக்காவுக்குக் காக். ஏன் காக், ஏன் காக் என்று நோர்மா திரும்பத் திரும்பக் கேட்பது எங்களுக்கே கேட்டது.

“ஒண்ணுகூட வச்சுக்க வேணாமான்னு கேக்குறா” என்று போனைப் பொத்திக்கொண்டு ஷர்மினி அக்காவிடம் கேட்டார்.

அக்கா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

“வேணாம்” என்றார் போனில். “யார் சொன்னதுன்னு கேட்டா என் பேரச் சொல்லு. டப்பா கொண்டுவந்து குடுத்ததும் நான்தான்னு சொல்லு. உன்ன யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது.”

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், கம்பித் தட்டுகளை அடுக்குகிற சத்தம். ஒவ்வொரு தட்டாக வைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. தனலெட்சுமி அக்கா போனை வைக்கவில்லை. நின்றபடியே காதில் பிடித்துக்கொண்டு, ஃப்ரீசர் கதவு மூடும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.